கிணற்று வளைவின் கடைசி வாசிப்பு

இந்த நாட்டில் கார் ஓட்டப் பழகிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ‘அபினேஷ்’ என்றால் என்னவென்று சொல்வார்கள். வளைவு வரும்போது உள்பக்கமாக மூக்கை நுழைத்து, பிரேக்கைத் தாமதமாக மிதித்து, தானும் கெட்டு அடுத்தவரையும் கெடுப்பது. ஓட்டுநர் பள்ளிகளில் “அபினேஷ் பண்ணாதே” என்று அதட்டுவார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். கோவைக்குத் தெற்கே வெள்ளப்பாறை பந்தயத் தடத்தில், நான்காவது வளைவில், அவர் கார் டயர் சுவரை உடைத்துக்கொண்டு போய் மோதியது என் அப்பாவின்மேல். அப்பா பெயர் கோகுலகிருஷ்ணன். வாரம் முழுக்க வார்ப்படப் பட்டறையில் வேலை, பந்தய நாட்களில் அந்த வளைவில் கொடி காட்டும் மார்ஷல். ‘கொடி கோகுல்’ என்றால்தான் ஊரில் தெரியும். அவர் போனபோது எனக்கு ஒன்பது வயது. அபினேஷும் ஆம்புலன்ஸிலேயே இறந்துவிட்டார். விசாரணைக் குழு பத்தே நாளில் தீர்ப்பு எழுதியது: ஓட்டுநரின் அவசரம்.

அந்த மனிதரை நான் பத்தொன்பது வருடம் வெறுத்தேன். பொறியியல் படிக்கும்போது ஓட்டுநர் பள்ளிகளுக்காக ஒரு பாடம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ‘அபினேஷ்’ என்றே தலைப்பு வைத்தேன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. எனக்கு அதில் துளி வெட்கமும் இருக்கவில்லை.

ஆகவே அபினேஷின் மனைவி மனுமேல் மனு போட்டு, கடைசியில் பந்தயச் சம்மேளனம் வெள்ளப்பாறைத் தடத்தில் தாருக்கடியில் பதிந்திருப்பதை வாசித்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறது என்று தெரிந்ததும், அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தென்னிந்தியாவில் தடம் வாசிப்பவர்கள் மூன்றே பேர். யாரும் என் அப்பா பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குழு சொன்னதை மெஷினும் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பெண்மணி வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன்.

காலை ஒன்பது மணிக்கு நான் போய் இறங்கியபோது தாரைச் சுரண்டும் இயந்திரம் தொடக்கக் கோட்டிலேயே வந்து நின்றிருந்தது. தடத்தை விற்றாகிவிட்டது. ஓட்டுநர் இல்லாமல் ஓடும் லாரிகள் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நிற்கும் இடமாக மாறப்போகிறது. மதியம் இரண்டு மணிக்குச் சுரண்ட ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குள் அறிக்கையில் கையெழுத்து விழுந்தாக வேண்டும், ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போட முடியாது என்று நிர்வாகி தினகர் சொன்னார். அறுபதைத் தாண்டியவர், நாற்பது வருடமாக அங்கேயே குப்பை கொட்டியவர். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நீ நம்ம கோகுல் மகள்தானே என்று தணிந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். வேலை என் கையில் இருப்பது அவருக்கு நிம்மதியாக இருந்ததுபோல் தெரிந்தது.

வெள்ளப்பாறைக்கு எழுபது வருடச் சரித்திரம் உண்டு. பஞ்சாலை முதலாளி ஒருவர் பஞ்சு காயப்போடும் களத்தைச் சுற்றித் தன் மகன்களுக்காகப் போட்ட பாதை அது. கோவைப் பட்டறைக்காரர்கள் கையால் தட்டி உருட்டிய கார்களை அங்கே கொண்டுவந்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறகு ஜப்பானிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் வந்து ஓட்டும் அளவுக்கு வளர்ந்தது. நான்காவது வளைவுக்குக் கிணற்று வளைவு என்று பெயர். அங்கே இருந்த தோட்டத்துக் கிணற்றைத் தூர்த்துத்தான் தார் போட்டார்கள். கன்னிமார் சாமிகள் குடியிருந்த கிணறு, தூர்த்த பாவம் சும்மா விடாது என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து அறுபதுக்குக் குறைத்துத் திரும்ப வேண்டிய இடம், கன்னிமார் இல்லாமலே உயிர் கேட்கத்தான் செய்யும் என்பது என் கட்சி.

நேரம் குறிப்பவர்கள் உட்காரும் அறையில் என் கருவிகளை வைத்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அபினேஷின் மனைவி தர்ஷிணி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, பாதி நரைத்த தலை, மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். தன் மகனைப் பற்றித் தானாகவே சொன்னார். கல்லூரியில் சேரும்போது அப்பா பெயரை முழுதாக எழுதச் சொன்னார்களாம், பையன் முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டானாம். நான் கேபிளை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“தாருக்கடியில என்னமோ கம்பி இருக்குதுன்னாங்க மேடம். அது எப்படிங்க பத்தொம்பது வருசத்துக்கு முந்தி நடந்ததச் சொல்லும்?” என்று கேட்டார்.

“கம்பியில்ல. தலைமுடி மொத்தத்துல கண்ணாடி இழை. விரிசல் பாக்கறதுக்குப் போட்டது. மேல எது அழுத்தினாலும் துளி நெளியும். அந்த நெளிவு முழுசாப் போகாது, உள்ளேயே தங்கிரும். லேசர் விட்டா அடுக்கடுக்காப் படிக்கலாம். இழை அறுந்தா எல்லாம் போச்சு.”

“மனுசன் நடந்தாக்கூடத் தெரியுங்களா?”

“தார் மேல நடந்தாத் தெரியும்.”

“அவரு பிரேக்கு எங்க மிதிச்சாருன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

பதினொன்றரைக்கு அந்த நாளின் அடுக்கு கிடைத்தது. நான்கு சக்கரங்களின் பாரம் எந்த நொடியில் எப்படி முன்னால் சாய்கிறது என்பதை வைத்து, டிரைவர் எங்கே, எவ்வளவு அழுத்தி மிதித்தார் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கைக் காட்ட எங்களிடம் ஒரு நாற்காலி உண்டு. ஸ்டியரிங்கும் பெடலும் வைத்தது. உட்கார்ந்தால் அன்றைக்கு ஓடிய ஓட்டம் நம் கைகாலில் ஓடும். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஆறாவது சுற்று. முன்னால் ஒரு கார் வெளிப்பக்கமாகப் போக, அபினேஷ் உள்பக்கம் நுழைகிறார். இதோ தாமதிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

வளைவுக்கு நூற்று நான்கு மீட்டர் இருக்கும்போதே பெடல் என் காலடியில் அமுங்கியது. அந்த வளைவுக்கு நூறு மீட்டர் பலகையில் மிதித்தால் போதும். உள்பக்கம் வருகிறவர் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்க வேண்டும். அபினேஷ் அதைத்தான் செய்திருக்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கருவியைத் திட்டினேன், அளவுகளைச் சரிபார்த்தேன், மறுபடி ஓடவிட்டேன். மூன்றாவது முறையும் நூற்று நான்குதான். வளைவுக்கு நாற்பது மீட்டர் இருக்கும்போதுதான் இடது முன்சக்கரம் பிடி விட்டது. மழை இல்லாத நாளில், ஒரு பாய் அகல இடத்தில். பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

எதன்மேலோ வழுக்கியிருக்கிறது. மற்ற கார்கள் எல்லாம் வெளிப்பக்கமாகவே போனதால் அந்த இடத்தை யாருமே தொடவில்லை. முந்தின நாள் பயிற்சி ஓட்டத்தில் அங்கே ஒன்றும் இல்லை. இடையில் என்ன நடந்தது என்று பின்னோக்கித் தேடினேன். பந்தயம் காலை ஏழரை மணிக்கு. ஐந்து ஐம்பதுக்கு ஒருவர் தாரில் ஏறியிருக்கிறார்.

ஏறும்போது எடை எழுபத்தேழு கிலோ. நின்ற இடத்திலேயே மூன்று முறை மெல்ல உடம்பைச் சுழற்றுகிறார். பிறகு ஆறு கிலோ கனமுள்ள ஏதோ ஒன்று தலை உயரத்திலிருந்து ஓங்கி விழுந்து எட்டுப் பத்துத் துண்டாகச் சிதறுகிறது. அதன்பின் வரிசை வரிசையாகச் சின்னத் தேய்ப்புகள், பதினோரு நிமிடம். நடுவில் தண்ணீர் ஊற்றிய பாரம், மறுபடி தேய்ப்பு. வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் மண்டையை உடைத்துக்கொண்டு மூன்று ஊகம் சொன்னது: பாறை, விலங்கு, தெரியாத பொருள். கடைசிக்குத்தான் மதிப்பெண் அதிகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆயுத பூஜை. நம்மூர்ப் பிள்ளை எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லும், திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய் என்று. எத்தனை கூட்டிக் கழுவினாலும் அதன் வழவழப்பு லேசில் போகாது.

யாரந்தப் புத்திசாலி என்று காலடிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு அங்கேயே நின்றது. வலது கால் ஒவ்வொரு எட்டிலும் சற்றுப் பிந்தி ஊன்றியது. பட்டறையில் வார்ப்புத் துண்டு விழுந்து நசுங்கிய வலது கால். அந்த நடையை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். பந்தயம் தொடங்குவதற்குள் அதே காலடிகள் நான்கு முறை அந்த இடத்துக்குத் திரும்பி வந்திருந்தன. வந்து, முன்பக்கம் பாரம் சாய்ந்து, குனிந்து பார்த்திருக்கின்றன. பிறகு மார்ஷல் நிற்கும் இடத்துப் பக்கமாகத் தாரை விட்டு இறங்கிவிட்டன.

அப்பாதான். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

தினகர் உள்ளே வந்தபோது மணி ஒன்று. திரையைப் பார்த்தவர் நான் விளக்குவதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை பைக் சறுக்கியதிலிருந்து, காய் உடைப்பதெல்லாம் வெளி கேட்டுக்கு அப்பால்தான் என்று அங்கே விதி உண்டாம். மார்ஷல்களுக்கு அதை வருடா வருடம் படித்துக் காட்டியதே அப்பாதானாம்.

“ரெண்டு வெதை தார்ல ஒட்டியிருந்துச்சு அம்மணி. போலீசு வாரதுக்குள்ள நாந்தான் காலுல தேச்சு விட்டேன்” என்றார். “அது உங்கப்பன் வளைவு, அவன் பேரு கெடக் கூடாதுன்னுதான்.”

அபினேஷ் பேர் கெட்டால் பரவாயில்லையா என்று கேட்டேன்.

“தெரியாத பொருள்னு மெசினே சொல்லுதல்ல, அப்படியே இருக்கட்டும். அந்தப் பையன் பேரும் சுத்தமாயிரும், உங்கப்பன் பேரும் நிக்கும். இல்லீன்னா நாளைக்கே ரோட்டுல கெடக்கற வழுக்கலுக்கெல்லாம் ‘கோகுல்’னு பேரு வெச்சிருவானுக. உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், அவர் அறிக்கையில் மறைக்கச் சொன்னார். சொன்னதில் எனக்குக் குறையும் தெரியவில்லை. யாருக்கும் நட்டமில்லாத பொய், அதுவும் பொய்யே இல்லை, மென்பொருள் சொன்னதுதான். காரணம் என்ற இடத்தில் ‘தெரியாத பொருள்’ என்று அடித்தேன். எழுந்து வெளியே போனேன்.

தர்ஷிணி எழுந்து நின்றார்.

“நூத்தி நாலு மீட்டர். பலகைக்கு முன்னாடியே மிதிச்சிருக்கார். தப்பு அவர் மேல இல்ல” என்றேன்.

அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு மெதுவாக, அப்படியானால் ஏன் வழுக்கியது என்று கேட்டார். ஏதோ கிடந்திருக்கிறது, தெரியாத பொருள் என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“தெரியாத பொருளில்லீங்க,” என்றார். “பூசணிக்காய்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“வாங்கிட்டு வந்தது நானு. அஞ்சு ரேசு வரிசையாச் செயிச்சிருந்தாரு, ஊரு கண்ணு பூராவும் அவரு மேலதான். கிணத்துக் கன்னிமாருக்கு ஒரு காய் ஒடைச்சுக் குடுத்துருங்கண்ணான்னு கோகுலண்ணங்கிட்டக் கேட்டேன். முடியவே முடியாதுன்னாரு. நாந்தான் கையெடுத்துக் கும்புட்டு அழுதேன். நீ தார் மேல கால் வெக்காத அம்மணின்னு என்னையப் புல்லுல நிறுத்திட்டு அவரே ஒடைச்சாரு. கூட்டிக் கழுவி, கையால தடவிப் பாத்தாரு. நான் புல்லு மேலயே நின்னனுங்க. அதனாலதான் உங்க மெசினுக்கு என்னையத் தெரியல.”

பிறகு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அப்பாவின் கருமாதிக்கு உண்மையைச் சொல்லத்தான் வந்தாராம். என் அம்மா கதவைச் சாத்திவிட்டார். அது தப்பென்று தர்ஷிணி சொல்லவில்லை. அதன்பிறகு தைரியம் வரவில்லை. சொன்னால் இரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும் என்று நினைத்தார், சொல்லாததால் அவர் புருஷன் மட்டும் தெருவுக்கு வந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“அவரு மிதிக்கலீன்னா தப்பு அவரோடது. மிதிச்சிருந்தா என்னோடது. எதுன்னு தெரியாமச் சாகக் கூடாதுன்னுதான் மனுப் போட்டேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. நானே ஒடைச்சேன்னு எழுதிக்கோங்க. உங்கப்பா பேரு எதுக்குங்க அதுல.”

நான் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்தே தெரிந்திருந்தது. அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது நான்தான், அந்தப் பாடத்தை எழுதியது நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“தெரியுங்க. அந்தப் பாடத்துக்குக் கீழ உங்க பேரு போட்டிருந்துச்சு. ஆதிரைன்னு” என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அப்பாவைக் காப்பாற்ற நான் இந்த மனுஷியிடம் பொய் சொன்னேன். இவரோ அதே அப்பாவைக் காப்பாற்றத் தன் தலையில் முழுப் பழியையும் ஏற்றிக்கொள்ளத் தயாராக நிற்கிறார். அப்பாவின்மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. விதி தெரிந்தவர், வழுக்கும் என்று தெரிந்தவர், நான்கு முறை குனிந்து பார்த்தவர். எச்சரிக்கைக்கு ஒரே ஒரு மஞ்சள் கொடியை முன்கூட்டியே காட்டியிருக்கலாம், இல்லை பந்தயத்தை அரைமணி நேரம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காய் உடைத்தது தெரிந்துபோகும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அவர் மகள்தான்.

“நீங்க உடைக்கல” என்றேன். “அது அப்பா கால். இழையில இருக்கு.”

மணி ஒன்று நாற்பது. உள்ளே போய் அடித்ததை அழித்தேன். காரணம்: ஆயுத பூஜையன்று தார்மேல் திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய். உடைத்தவர் நான்காம் வளைவு மார்ஷல் கோகுலகிருஷ்ணன், இந்த அறிக்கையை எழுதுபவரின் தகப்பனார். கேட்டுக்கொண்டவர் தர்ஷிணி, அவரே சொன்னபடி. ஓட்டுநர் அபினேஷ் பிரேக்கை மிதித்த இடம் நூற்று நான்கு மீட்டர், தவறு இல்லை. தினகர் தேய்த்த இரண்டு விதைகளையும் எழுதினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு வெளியே போனார். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இனி என் அப்பா பெயரை ஊர் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். வேலையும் போகலாம்.

இரண்டுக்கு ஏழு நிமிடம் இருந்தது. தொடக்கக் கோட்டில் சுரண்டும் இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தர்ஷிணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் என் அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டவர்.

“உள்ள வந்து உட்காருங்க அத்தை” என்றேன்.

நாற்காலியையும் பெடலையும் பார்த்தார். அது என்னவென்று சொன்னேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார், செருப்பைக் கழற்றி வைத்தார்.

“வழுக்கறதும் வருங்களா கண்ணு?”

“வராது. பிரேக் வரைக்கும்தான்.”

ஓடவிட்டேன். முதல் வளைவில் அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார், இரண்டாவதில் கொஞ்சம் தளர்த்தினார், மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டார். நேர்ப்பாதையில் நாற்காலி அதிர்ந்தது. நூற்று நான்கு மீட்டரில் பெடல் அவர் காலடியில் தானாக அமுங்கியது. நான் அங்கேயே நிறுத்தினேன்.

அவர் காலை எடுக்கவில்லை.